கல்வெட்டில் இடமில்லையாம்

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட விழாவுக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்கள் குரூப்பில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பு கிரானைட், தங்க நிற எழுத்து, இங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் என்று தலைப்பு. மேலிருந்து கீழே வரை தேடிப் பாருங்கள், போன வருஷம் இறந்துபோன என் நண்பன், அங்கே கபடி சொல்லிக்கொடுத்த பி.டி. (விளையாட்டு) வாத்தியார், அவன் பெயர் இருக்கிறதா என்று. இல்லை.

கேட்டேன். விழாக் குழுவில் ஒரு பெரியவர் தோளில் கை போட்டு, "அவரு பகுதிநேரம்தானே தம்பி, ரெகுலர் ஸ்டாஃப் மட்டும்தான் போட்டிருக்கோம், நீங்க வாங்க சாப்பிடலாம்" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கிளம்பி வந்துவிட்டேன்.

சரி, பகுதிநேரம்தான். 2012இல் அரசு 16,549 பேரை மாதம் 5000 ரூபாய்க்கு எடுத்ததே, அதில் அவனும் ஒருவன். வாரத்துக்கு மூன்று அரைநாள் வந்தால் போதும் என்பதுதான் உத்தரவு. அந்த உத்தரவை அவன் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே மைதானத்தில் கல் பொறுக்கிக்கொண்டு, சுண்ணாம்புப் பொடியில் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பான். பையன்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 12க்கு 8. ராத்திரி மழை பெய்தால் கோடு போய்விடும், காலையில் மறுபடியும் போடுவான். சுண்ணாம்பு அவன் காசு. குறுவட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும் அவன் காசு. அப்போதெல்லாம் மே மாதம் சம்பளமே வராது அவர்களுக்கு. அந்த மாதம் மாங்கூழ் ஃபேக்டரியில் பெங்களூரா மாங்காய் லோடு இறக்கப் போவான். பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு சாயங்காலம் கை பிசுபிசுக்க மைதானத்துக்கு வந்து விசில் ஊதியவனைத்தான் பகுதிநேரம் என்கிறார்கள்.

அவன் அங்கே ஆசிரியர். பெயர் வரவேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். நம் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான், அதனால் அப்போதெல்லாம் மாவட்டப் போட்டி என்றால் தர்மபுரிக்குப் பஸ் ஏறவேண்டும். ஆள் குறைந்ததால் என்னையும் கபடி டீமில் சேர்த்திருந்தார்கள். எனக்கு ரெய்டு என்றாலே கால் நடுங்கும். அவன் காதருகில் வந்து, "யாரையும் தொட வேணாம்டா, பாடிக்கிட்டே போ, கோட்டைத் தாண்டிட்டு மூச்சு விடாம திரும்பி வந்துடு" என்றான். போனேன், வந்துவிட்டேன். ஒரு பாயிண்டும் இல்லை, மேட்சும் தோற்றோம். அன்றைக்குப் பிடித்த பிடியெல்லாம் அவன் பிடித்தது, முழங்காலில் ரத்தம் வேறு. ஆனால் ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவன் எல்லோரிடமும் பேசிக்கொண்டு வந்தது என் ரெய்டைப் பற்றி.

வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கபடி எதற்கு என்று கேட்கிற ஊர் நம் ஊர். பத்தாவது முடிப்பதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுகிற ஊரும்தான், மறைக்க என்ன இருக்கிறது. அந்த வீடுகளின் திண்ணையில் போய் உட்காருவான். போச்சம்பள்ளி சந்தையில் ஆடு என்ன விலை போகிறது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எழும்போதுதான் "பாப்பாவை நாளைக்குக் காலையில அனுப்புங்கண்ணா" என்பான். அப்படி வந்த பெண்களில் ஒருத்தி இன்றைக்குக் காவல்துறையில் இருக்கிறாள். விழாவுக்கு அவளும் வந்திருந்தாள். "சார் பேரு எங்கண்ணா?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்ல?

விதி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். கல் கொடுத்தவரின் பெயர், அவர் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் அதே கல்லில் இருக்கிறது. தாத்தா எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார்? இவன் பெயரைப் போட்டால் தையல் டீச்சர், ஓவிய வாத்தியார் பெயரையும் போடவேண்டி வரும் என்று ஒருவர் கமென்ட் போட்டிருக்கிறார். போடுங்களேன் சார், யார் வேண்டாம் என்றது? கல்லுக்கா பஞ்சம் நம் மாவட்டத்தில்?

"பி.டி. வாத்தியார்தானே" என்று சிரிப்பு பொம்மை போட்ட அண்ணனுக்குத் தனியாக ஒன்று. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துக்காரர். அவரை முதலில் தாண்டச் சொன்னது அவர் படித்த பள்ளியின் பி.டி. வாத்தியார்தான். நம் பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்டாரே, அதில் எத்தனை பேர் ராமானுஜன் ஆனோம்? நான் ஆகவில்லை. நீங்களும் ஆகவில்லை அண்ணா.

உயிரோடு இருந்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. அது எனக்கும் அவனுக்கும்.

எனக்கு வலிப்பது கல் கூட இல்லை. போன வருஷம் அவன் போனபோது ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, மெழுகுவர்த்தி, கூப்பிய கை, "எங்கள் கோச் எங்கள் உயிர்" என்று, அந்த அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில்தான் இருந்தீர்கள். அவனிடம் விளையாடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சேர்ந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள். கல்லைத் திறந்தபோது கை தட்டினீர்கள். ஒருத்தராவது எழுந்து கேட்டீர்களா? கடைசியாக அவன் வாங்கிய மாதச் சம்பளம் 12,500 ரூபாய். வீட்டுக்கு ஓய்வூதியம் என்று ஒரு ரூபாய் வராது. அவன் மனைவியை விழாவுக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. கல்லில் பெயர் வந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியுமா என்று கேட்கலாம். எரியாதுதான். அதற்காகப் பெயரும் வேண்டாமா? அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கின்றன, தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகவேண்டும்.

தலைமையாசிரியருக்கு மனு எழுதிவிட்டேன். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். ஹார்ட்டு மட்டும் போடுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவில் போடாதீர்கள்.