பேட்டரிக்கு முன் டர்போவுக்கு ஆயில்

புது பேட்டரியும் பெட்ரோலும் போட்டால் பல வருடம் நின்ற டர்போ கார் கிளம்பிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி; ஆயில் வந்து சேரும் முன் அதன் தண்டு வேகமெடுத்தால் டர்போ பேரிங் போய்விடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் இன்ஜின் முனையில் உள்ள கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடும் முன் புது டைமிங் பெல்ட், ஆயில், ஃபில்டர்.

டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பில் கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்வதைவிடப் புதிது போடுவதே நல்லது. அந்தப் பைப் டர்போவில் சேரும் துளையில் ஆயில் விட்டு, கம்ப்ரசர் வீலை (காற்றை உள்ளே தள்ளும் இறக்கைச் சக்கரம்) விரலால் சுற்றுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம்; முன்பின் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோ டர்போவை இறக்கத்தான் வேண்டும். பிறகு பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, ஸ்பார்க் வராதபடி இக்னிஷன் காயில் இணைப்பைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை 10 விநாடி 10 விநாடியாக ஸ்டார்ட்டர் அடியுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் நின்ற காரென்றால் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் வெளியே தெரியாமலே கிளிப் அடியில் அரித்திருக்கலாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். சூடான டர்போ பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீதான்.