காந்தி அந்தப் புத்தகத்தைத் தள்ளிவிடவில்லை

“நாட்டைக் குறை சொன்னால் நமக்குப் பொறுக்காது. காந்தியே மிஸ் மேயோ புத்தகத்தைச் சாக்கடை என்று தூக்கிப் போட்டார்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அமெரிக்கரான கேத்தரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ 1927-ல் வந்தது. குழந்தைத் திருமணம், தீண்டாமை, சுகாதாரக் கேடு என்று அடுக்கியிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தன் ‘யங் இந்தியா’ இதழில் காந்தி எழுதிய மதிப்புரையின் தலைப்புதான் ‘சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை’. தலைப்போடு நின்றுவிட்டால் திட்டு மட்டும்தான் தெரியும். உள்ளே போனால், அமெரிக்கரும் ஆங்கிலேயரும் படிக்க இது ஏற்றதல்ல, ஆனால் ஒவ்வொரு இந்தியரும் படித்தால் ஓரளவு பயன் உண்டு என்கிறார். மேயோ குற்றம் சாட்டும் விதத்தை மறுக்கலாம், அடியில் இருக்கும் விஷயத்தை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறார்.

மற்றவர்களுக்குக் கோபம் வரவில்லையா? வந்தது, கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதை வெறும் ரோஷம் என்று சொல்லிவிட முடியாது. இந்தியர்கள் சுயாட்சிக்கு லாயக்கில்லை என்ற வாதத்துக்கு அந்தப் புத்தகம் பயன்பட்டது. கூரை ஒழுகுவது வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்ன? அதைக் காட்டி ‘அதனால் சாவி எங்களிடமே இருக்கட்டும்’ என்றால் சுருக்கென்றுதான் இருக்கும்.

அப்புறம் ‘நமக்குப் பொறுக்காது’ என்பதில் வரும் அந்த ‘நமக்கு’. எல்லோரையும் அதில் சேர்க்க முடியாது. இங்கே சுயமரியாதை இயக்கத்தில் இருந்த கோவை அய்யாமுத்து, மேயோ சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே எழுதினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க, பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14, ஆணுக்கு 18 என்ற சாரதா சட்டமும் 1929-லேயே நிறைவேறியது.