கடன் எவ்வளவு என்று கேட்டதுதான் தப்பாம்

நான் ஒரு பதிவின் கீழ் எழுதிய கருத்தின் ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் உங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும், மூன்று நாளாகச் சுற்றுகிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. பயாலஜி இளங்கலையில் இடமும் கிடைத்து, கல்விக்கடனும் கிடைத்த மகிழ்ச்சியில் பதிவு போட்டிருந்த பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "மொத்தக் கடன் எவ்வளவு, வட்டி எத்தனை, இளங்கலையோடு நின்றால் முதல் சம்பளம் எவ்வளவு வரும், பார்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். வாழ்த்து வரியை மட்டும் கச்சிதமாக வெட்டிவிட்டு மீதியைப் பரப்பியவரின் கைத்திறனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து நான் கனவைக் கலைக்கிற ஆள். கல்வியை வியாபாரமாக்குகிற ஆள். ஒருவர் கந்துவட்டிக்காரன் என்றே எழுதிவிட்டார். வட்டி எவ்வளவு என்று கேட்டவன் கந்துவட்டிக்காரன், வட்டி வாங்குகிறவர் கல்விக்கு உதவுகிற புண்ணியவான். சரி.

நானும் பயாலஜிதான் படித்தேன். கடன் வாங்கித்தான் படித்தேன். அது தெரியாமல் திட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 வீதம் 4 வருடத்தில் 100 வாங்குகிறீர்கள், எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். 10 விழுக்காடு தனிவட்டி, படிக்கும்போது எதுவும் கட்டவில்லை என்றால் பட்டம் வாங்கும் நாளில் பாக்கி 125. அந்த 25 வட்டி அசலோடு சேர்ந்துவிடும், பிறகு வட்டிக்கும் வட்டி. அதை 10 வருட மாதத் தவணையில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 198 கட்டியிருப்பீர்கள். முதல் மாதம் கட்டுகிற தவணையில் 63 விழுக்காடு வட்டிக்கே போய்விடும். இதைத்தான் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். படிக்காதே என்று எங்கே சொன்னேன்?

என் முதல் வேலை ஓர் ஆய்வகத்தில். காலையில் போனதும் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கண்ணாடிக் குடுவைகளை அடுக்குவது, அப்புறம் மாலை வரை திரவத்தை அளந்து விடும் பிப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெல்லின் சின்னச் சின்னக் குழிகளில் நீலச் சாயம் கலந்த டிஎன்ஏவை ஒவ்வொன்றாக இறக்குவது. கை கொஞ்சம் நடுங்கினால் பக்கத்துக் குழிக்குக் கசிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து. பெருவிரல் வலிக்கும். ஆனால் அந்த வேலையை நான் நேசித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது, முதுகலை முடித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றார்கள். முதுகலைக்கு இன்னொரு கடன். பழைய கடனின் கணக்கு அறிக்கை அதே வாரம் வந்தது: ஒரு வருடம் கட்டியும் அசலில் லேசான கீறல்தான் விழுந்திருந்தது.

பயாலஜியின் சிக்கலே இதுதான். இந்தப் பாடத்தைப் படித்து நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் என்று நீங்கள் கைகாட்டுகிற ஆட்களில் பெரும்பாலோர் மருத்துவம், பல் மருத்துவம், முனைவர் பட்டம் என்று மேலே போனவர்கள். இளங்கலை அவர்களுக்குப் படிக்கட்டு. படிக்கட்டிலேயே நின்றுவிட்டவருக்கு ஆய்வக உதவியாளர், தரக்கட்டுப்பாடு, மருந்து விற்பனை என்று வேறு வரிசை.

உடனே ஒருவர், எந்தக் கல்லூரியில் எதைப் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று காட்டும் அமெரிக்க அரசுத் தளமான காலேஜ் ஸ்கோர்கார்டைக் கொண்டுவந்து, அதில் பயாலஜிக்காரர்களின் வருமானம் குறைவாகத் தெரிவதே மேலே படிக்கப் போனவர்களை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பதால்தான் என்றார். உண்மைதான். படித்துக்கொண்டிருப்பவர்களை அந்த வருமானக் கணக்கில் சேர்ப்பதில்லை, அரசு நிதியுதவி பெற்றவர்களை மட்டுமே எடுக்கிறார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் ஐயா, வேலைக்குப் போனவர்களின் சம்பளம் மட்டும் என்றால் அது நான் கேட்ட கேள்விக்கான எண்ணேதான். இளங்கலையோடு நின்றால் எவ்வளவு என்றுதானே கேட்டேன்?

இன்னொருவர், "டார்வின் கணக்குப் பார்த்தாரா, மெண்டல் சம்பளம் கேட்டாரா?" என்றார். இதற்குத்தான் அதிக லைக். டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் சம்பளமில்லாமல் சுற்றினார், செலவை அவர் அப்பா பார்த்துக்கொண்டார். மெண்டல் பரம்பரைப் பண்புகளைப் பற்றிய தன் பட்டாணி ஆய்வை 1865இல் வாசித்தார், 1900 வரை உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் துறவி, மடம் சோறு போட்டது. 35 வருடம் காத்திருக்கலாம், மாதம் பிறந்தால் தவணை கேட்டுப் போன் வராது என்றால் நானும் பட்டாணி நட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் அப்பா கப்பல் செலவு தருவார் என்றால் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம். என் அப்பா ஜாமீன் கையெழுத்துத்தான் போட முடிந்தது. இரண்டு தவணை தவறியபோது போன் எனக்கு வரவில்லை, அவருக்குத்தான் போனது. என்னிடம் அதைச் சொல்லவே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

அறிவுக்கு விலை போடாதே என்கிறார்கள். நானா போட்டேன்? ஒப்பந்தத்தில் அச்சடித்தே கொடுக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை அதில் கையெழுத்துப் போடுமுன் அந்த எண்ணைச் சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டினால் பாடத்துக்கு என்ன அவமானம் வந்துவிடும்? கடன் குறைவாக இருந்தால், உதவித்தொகை இருந்தால், செலவு குறைந்த கல்லூரி கிடைத்தால் தாராளமாகப் படிக்கட்டும், நானே உட்கார்ந்து செல் பிரிதல் சொல்லித் தருகிறேன்.

அந்தப் பெண் பதிவை நீக்கிவிட்டார். என்னால் என்கிறீர்கள். இருக்கலாம், நானூறு பேர் வந்து சண்டை போட்டதாலும் இருக்கலாம். நான் கேட்டதற்கு அவர் பதில் எழுதத் தொடங்கியிருந்தார், வட்டியைப் பற்றி, பாதியில் நின்றது.

கடைசியாக ஒன்று, பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு முதலில் இதயம் போட்டவர்களில் ஒருவர் என்னோடு அதே வகுப்பில் படித்தவர். கடன் தவணை கட்ட என்னிடம் மூன்று மாதம் கைமாற்று வாங்கினார். அது இன்னும் வரவில்லை.