5 வாட் கிட்டார் ஆம்ப் என்றால் சத்தம் குறைவு என்று நம்ப வேண்டாம்

வேளச்சேரி ஃபிளாட்டில் வாசிக்க எந்த கிட்டார் ஆம்ப் வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். "50 வாட் வேண்டாம், 5 வாட் ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) போதும், பத்தில் ஒரு பங்கு சத்தம்தான் வரும், ஃபிளாட்டில் தாராளமா வாசிக்கலாம்" என்று அவருக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. தம்பி, இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வாட் பத்தில் ஒன்றானால் சத்தம் 10 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு அது ஏறக்குறைய பாதி. கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் வெறும் 1 வாட்டிலேயே, ஒரு மீட்டர் தள்ளி நின்றால், 97 முதல் 100 டெசிபல் வரை தரும். 5 வாட்டில் இன்னும் 7 கூடும். ஸ்பீக்கரை இயக்கும் பவர் ட்யூப் கரகரக்கும் அந்த அருமையான டோனுக்காக வால்யூமை ஏற்றினால், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்?

வாட்டை விட்டுவிட்டு, நல்ல மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் குமிழ்) இருக்கிறதா, அரை வாட்டுக்கும் கீழே இறக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அட்டென்யுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் கருவி) தனியாக வாங்கலாம். சத்தம் வேண்டாமென்று ஸ்பீக்கர் வயரை மட்டும் கழற்றிவிட்டு வாசிக்கவே கூடாது. ட்யூப்பையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால், பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் நம்மூர் 230 வோல்ட்டுக்கு, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.