மனை விலைக்கு எதற்குப் பிரீமியம்?

வாடகைக்கு விட்ட வீட்டின் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பேரம் பேச இடமில்லை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த புதுப்பிப்பு அறிவிப்பில், மனையின் விலையையும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டிருந்தார்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் காப்பீட்டுத் திட்டமான பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில், கட்டடத்தின் கார்ப்பெட் ஏரியாவை (சுவர்களுக்குள் புழங்கும் தரைப் பரப்பை) ஒரு சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவால் பெருக்கித்தான் அந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும். மண்ணின் விலைக்கு அதில் இடமே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, வேறு இரு நிறுவனங்கள் தந்த விலைப்புள்ளிகளையும் இணைத்து நான் கடிதம் அனுப்பிய பின்னரே பிரீமியத்தைக் குறைத்தார்கள். கட்டுமானச் செலவையும் குறைத்துக் காட்டலாம் என்று முகவர் சொன்னபோது மட்டும் உறுதியாக மறுத்துவிட்டேன்; அப்படிச் செய்தால், வெள்ளம் வந்து வீடு சேதமாகும்போது சீரமைக்கப் போதிய தொகை கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்விட்ச் போர்டு வரை ஏறிய சேற்றின் கறை, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் அந்த வீட்டின் கூடத்துச் சுவரில் தெரிகிறது.