முஸ்தபாவை யார் எழுதுவார்கள்?

டி.பி. வைஸ் எழுதிய 'லக்கி வாண்டர் பாய்' நாவலை நேற்று ராத்திரிதான் படித்து முடித்தேன். 2003இல் வந்த ஆங்கில நாவல். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். நாவலில், காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம்களுக்கெல்லாம் ஒருவன் அட்டவணை எழுதுகிறான், ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கத்தோடு. சின்ன வயதில் ஆடிய ஒரு கேம் மட்டும் அவனை விடாமல் துரத்துகிறது. அது ஆசிரியரின் கற்பனை கேம். அதைத் தேடியே அவன் வாழ்க்கை கரைகிறது.

இதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1978இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடச் சுட எதிரிகள் குறைவார்கள், மிச்சம் இருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அதை உருவாக்கிய நிஷிகாடோ முதலில் அப்படித் திட்டமிடவில்லை. அன்றைய சிப்பால் அத்தனை உருவங்களைச் சீக்கிரம் வரைய முடியவில்லை. பாரம் இறங்க இறங்க வண்டி மாடு எட்டி நடை போடுவதுபோல, உருவங்கள் குறையக் குறைய ஆட்டம் வேகமானது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். 1980இல் வந்த பேக்மேனில் 256வது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி முழுக்கக் குப்பையாகிவிடும். கட்ட எண்ணை வைத்திருந்த இடத்தில் 255க்கு மேல் கொள்ளாது. இதையெல்லாம் ஒருவன் உட்கார்ந்து எழுதினால் என்ன தப்பு?

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். கோயமுத்தூர் பக்கம் சோமனூரில் 1996இல் நான் ஏழாவது. அப்புச்சி வீட்டில் நாலு தறி. சனிக்கிழமை தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்தால் இரண்டு ரூபாய் கிடைக்கும். வீடியோ கேம் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். மரப்பெட்டி, உள்ளே டிவி டியூப், பீடி சுட்ட தழும்போடு பட்டன்கள். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஊற்றும். நாங்கள் அங்கே உயிரை விட்டது 'முஸ்தபா'வுக்கு.

அந்த கேமின் நிஜப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993இல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி வெளியிட்டது. அதில் ஆடக்கூடிய நாலு பேரில் மஞ்சள் தொப்பி போட்டு ஓடி வந்து உதைப்பவன்தான் முஸ்தபா. அவன் பெயரையே கேமுக்கு வைத்துவிட்டோம். இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் அதற்கு இதே பெயர்தான். கேப்காம் வைத்த பெயரைவிட இதுதான் எனக்கு நிஜம்.

நாவலோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் இதுதான். அவன் வேட்கை தனி ஆளின் வேட்கை. எங்கள் கடையில் யாரும் தனியாக ஆடியதே கிடையாது. ஒருத்தன் ஆடுவான், முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்த தறிக்கார அண்ணன்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, "கண்ணு, அந்தக் கறியை இப்ப எடுக்காத, ரத்தம் கொறையட்டும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேமில் கறியை எடுத்தால் உயிர் ஏறும், அந்த உயிரைத்தான் ரத்தம் என்போம். என் காயின் தீர்ந்து நின்றபோது, "ஏனுங்ணா, நானும் ஒரு கை சேந்துக்கட்டுங்களா?" என்று கேட்டதற்குத் தன் காயினைப் போட்டுவிட்ட ஒரு அண்ணன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கேமை இப்போது என் கம்ப்யூட்டரில் இறக்கி ஆட முடிகிறது. ஆடிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் மூடிவிட்டேன், பின்னால் யாரும் இல்லை.

வீடியோ கேம் கடைக்குப் போகிறவன் என்றாலே அன்றைக்கு உருப்படாதவன் என்று அர்த்தம். அம்மாவிடம் விளக்குமாற்றடி வாங்கியிருக்கிறேன். அந்தப் பயத்திலும் வெட்கத்திலும் நாம் யாரும் இதைப் பேசவே இல்லை. தறியைப் பற்றி எழுதிவிட்டோம், பனியன் கம்பெனியைப் பற்றி எழுதிவிட்டோம், டூரிங் டாக்கீஸைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். தறிக்காரரும் பள்ளிக்கூடப் பையனும் ஒரே பெட்டி முன்னால் தோளோடு தோள் நின்ற அந்தக் கடையைப் பற்றி நான் தேடிய வரைக்கும் ஒரு கதை கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் ஒருவர் நாவலே எழுதிவிட்டார்.

பல்லடம், அவிநாசி, கோபி, தாராபுரம் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அந்தக் கடை எங்கே இருந்தது, காயின் எவ்வளவு, எந்த கேமுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? கடை நடத்திய அண்ணன்கள் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் எழுதுங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கம் முஸ்தபா.