400 லூமன், 100 மணி நேரம்: ரெண்டும் ஒண்ணா கிடைக்காது

மேல ஒருத்தர், தலையில மாட்டற டார்ச், அதான் ஹெட்லேம்ப், அதோட பாக்ஸ்ல 400 லூமன் (லூமன்னா வெளிச்சத்தோட அளவு), 100 மணி நேரம்னு இருந்தா அதே வெளிச்சத்துல 100 மணி நேரம் எரியும்னு சொல்லியிருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க நண்பரே, அது அப்படி இல்லைங்க. 400ங்கறது ஹை மோட், 100 மணி நேரம் பெரும்பாலும் லோ மோடுக்குப் போட்டது. அதுலயும் டார்ச், ஹெட்லேம்ப் எல்லாத்தையும் சோதிக்கற எஃப்எல்1 ஸ்டாண்டர்டுபடி, ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமா குறையற வரைக்கும் ஓடற நேரத்ததான் ரன்டைம்னு கணக்குல எடுப்பாங்க, அதாவது 400ல ஆரம்பிச்சது 40க்கு வந்தாலும் "எரியுது"ன்னுதான் கணக்கு.

நீங்களே போட்டுப் பாக்கலாம். ட்ரிபிள் ஏ அல்கலைன் மூணு சேர்த்தா மொத்த சக்தி சுமார் 5 வாட்-அவர் (5 வாட்ட ஒரு மணி நேரம் தர்ற அளவு), 400 லூமனுக்கு எப்படியும் 4 வாட் கிட்ட வேணும், அப்ப ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். மேனுவல்ல ஒவ்வொரு மோடுக்கும் லூமனும் மணி நேரமும் தனித்தனியா டேபிள்ல இருக்கும், அத பாருங்க. இல்லனா புது பேட்டரி போட்டு இருட்டு ரூம்ல சுவத்துக்கு நேரா ஹைல வச்சு, போன்ல வெளிச்சத்த அளக்கற லக்ஸ் மீட்டர் ஆப்ப அதே இடத்துல வச்சு அரைமணிக்கு ஒரு தடவ குறிச்சுக்கோங்க. வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரி ஏறறவங்க தயவுசெஞ்சு ஸ்பேர் பேட்டரி இல்லாம கிளம்பாதீங்க.